பம்பர் இடித்ததற்குக் கம்ப்ரசர் பில்லா?

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள். பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகள் அதைவிட அவசியமாகப் படியுங்கள், திட்டு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முன்பக்கம் லேசாக இடிபட்ட காரை "ஏசி சரியாகக் குளிரவில்லை" என்று கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். பல இடங்களில் நடப்பது ஏலம்தான். ஒருவர் கேஸ் குறைச்சல் என்பார். அடுத்தவர் கூலிங் காயில் என்பார். துணிச்சல்காரர் கம்ப்ரசர் என்பார். மீட்டரைக் கையில் எடுப்பவர் யாரும் இல்லை. அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொல்பவரை நான் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் உதிரிபாக வியாபாரி.

ஆதாரம் சொல்கிறேன். என் தங்கை மகள் திருச்சி பால்பண்ணை அருகே, முன்னால் நின்ற சரக்கு ஆட்டோவின் மேல் மெதுவாக மோதிவிட்டாள். பம்பர் உடைந்தது, இடது ஹெட்லைட் பக்கம் தகடு ஒடுங்கியது. இன்சூரன்ஸில் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடிந்து வண்டி பளபளவென்று வந்தது. இரண்டே வாரத்தில் போன். "மாமா, ஓடும்போது ஜில்லுன்னு இருக்கு, சிக்னல்ல நின்னா சூடா காத்து வருது."

நோய் என்ன என்பதை அந்த ஒரு வாக்கியத்திலேயே பிள்ளை சொல்லிவிட்டாள். ஆனால் சர்வீஸ் சென்டரில் முதல் தடவை கேஸ் ஏற்றினார்கள். சரியாகவில்லை. இரண்டாம் தடவை கம்ப்ரசர் போய்விட்டது என்று 34,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் சூடான வாயு, பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில்தான் தன் வெப்பத்தை இறக்கி வைக்க வேண்டும். வண்டி ஓடினால் எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஃபேன் சோர்ந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், ஒரு அளவைத் தாண்டினால் பாதுகாப்புக்காகக் கம்ப்ரசர் தானே நிறுத்தப்படும். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தியிருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்று முடிவு கட்டுவது போலத்தான் அந்த எஸ்டிமேட். போதாக்குறைக்கு, தேவையில்லாமல் ஏற்றிய கேஸ் அழுத்தத்தை இன்னும் கூட்டியது.

வண்டியை என் பழைய மாணவன் ஒருவனிடம் அனுப்பினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளை, இப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியன். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டையும் ஏசியையும் போட்டு முன்னால் நின்று பார்த்திருக்கிறான். ஃபேன் ஓட ஆரம்பித்ததும் இடது ஹெட்லைட் மங்கியது. இரண்டுக்கும் ஒரே எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஃபேனின் எர்த் ஒயரிலும் வைத்தான். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வோல்ட் வரை போகட்டும் என்று விடலாம். காட்டியது 4 வோல்ட். ஃபேன் இழுத்த மின்னோட்டம் 10 ஆம்பியர்.

ஓம் விதியை நினைவிருப்பவர்கள் கணக்குப் போடுங்கள். 0.4 ஓம், அவ்வளவுதான். 14 வோல்ட்டில் சுற்ற வேண்டிய ஃபேனுக்கு 10 வோல்ட்தான் போயிருக்கிறது. "ஃபேன்தான் சுற்றுதே" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்களாம். சுற்றியது, ஆனால் போதிய வேகம் இல்லை. மீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்துப் பார்த்தாலும் இது பிடிபடாது, 0.4 ஓம் இருந்தாலும் அது பீப் அடித்துவிடும். மின்னோட்டம் ஓடும்போது வோல்ட் அளந்தால்தான் தெரியும். அந்த இடத்தில் 40 வாட் வெப்பம், ஏறக்குறைய ஒரு சால்டரிங் அயர்ன் அளவுக்கு, ஒயர் முனையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஏசி குளிரவில்லை என்பதைவிட எனக்குக் கவலை தந்தது அதுதான்.

காரணம் என்ன தெரியுமா? பெயிண்ட் அடித்தவர்கள் எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கியதும் 0.1 வோல்ட். கூலி 350 ரூபாய். பிறகு ஏசிக்காரர் ஒருவர் கேஸ் முழுவதையும் மெஷினில் இறக்கி, பானட் ஸ்டிக்கரில் இருக்கும் கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்றினார்.

இந்தக் கேஸ் விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. அது பெட்ரோல் போல் எரிந்து தீர்வதில்லை. பல வருஷங்களில் ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கசியலாம், அது வேறு. மோதிய சில வாரங்களில் குறைந்தால் எங்கோ ஓட்டை. கண்டென்சரில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கிறதா பார்க்க வேண்டும், நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை போட வேண்டும், வேக்கம் போட்டு முள் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஓட்டையை விட்டுவிட்டு டாப்-அப் செய்துகொண்டே இருந்தால், வாயுவோடு எண்ணெயும் போய், அப்போது உண்மையிலேயே கம்ப்ரசர் சாகும். வெளியேறும் ஆர்-134ஏ, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் சரக்கு.

"ஸ்கேனர் சொல்லுதே சார்" என்பார்கள் என் பிள்ளைகள். ஸ்கேனர் எந்தச் சுற்றில் கோளாறு என்று சொல்லும். அந்தச் சுற்றில் ஒயரா, கனெக்டரா, சென்சாரா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம். மஞ்சள் உறையிட்ட ஒயர்களில் டெஸ்ட் லைட்டை வைத்துக் குத்தாதீர்கள், அவை ஏர்பேக் ஒயர்கள்.

இப்போது கார்க்காரர்களுக்கு. "ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடிச்சதுக்கு 500 ரூபாய் கேட்டா சண்டைக்கு வர்றாங்க சார், 30,000 ரூபாய் பாகத்தை மாத்தினா பேசாம கார்டைத் தேய்க்கிறாங்க" என்று அந்த மாணவன் சொன்னான். என்னால் மறுக்க முடியவில்லை. டப்பாவில் வரும் பாகத்துக்குக் காசு கொடுப்பீர்கள், மூளைக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்றால் பட்டறைக்காரன் டப்பாவைத்தான் விற்பான். பார்க்கும் கூலியைத் தனியாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "என்ன அளந்தீர்கள், என்ன காட்டியது" என்று எழுதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸிலும் அவசரப்படாதீர்கள். பம்பர் கழற்றியிருக்கும்போதே கண்டென்சர், ஃபேன், ஒயர்களைச் சர்வேயர் பார்க்கட்டும். வண்டியை எடுப்பதற்கு முன் நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஏசியை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கிளெய்ம் மூடிய பிறகு, அதே மோதலில் வந்த சேதம் என்று நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

கமெண்டில் சந்தேகம் கேட்பவர்கள் "ஏசி வேலை செய்யல சார்" என்று மட்டும் எழுதாதீர்கள். நிற்கும்போதா ஓடும்போதா, ஃபேன் எப்படிச் சுற்றுகிறது, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், எல்லாம் எழுதுங்கள். சாயங்காலம் உட்கார்ந்து பதில் போடுகிறேன்.