செந்தரம் காப்போம்!

ஓர் ஊரில் வீட்டுக்கொரு படியும் தெருவுக்கொரு மரக்காலும் வழங்குமாயின், அங்கு வணிகம் நடவாது, வழக்கே நடக்கும். அளவை பொதுவாதல் வேண்டுமென்னும் இவ்வுண்மை நெல்லுக்கு மட்டுமன்று, எழுத்துக்கும் உரியதே.

கணினிக்கு எழுத்தென்பது வெறும் எண். தமிழ் கணினியேறிய தொடக்கத்தில், எழுத்துரு செய்தோர் தத்தமக்கெனத் தனித்தனி எண்முறை வகுத்தனர். அதனால் ஒரு கணினியில் எழுதிய மடல் மறு கணினியில் பொருளற்ற கிறுக்கலாய்த் தோன்றிற்று. தமிழன் எழுதியதைத் தமிழனே படிக்க இயலாத இழிவு வேறு எவரால் வந்தது? நம் ஒற்றுமையின்மையால் வந்ததன்றோ?

1999ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு ‘தமிழ் 99’ விசைப்பலகையைச் செந்தரமாக ஏற்றது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். ககரத்தை அடுத்து இகரம் தட்டினால் ‘கி’ பிறக்கும். நம் இலக்கண நெறியோடு இயைந்த அமைப்பு அது.

ஆயின், உலகப் பொதுமுறையாகிய ஒருங்குறியில் நேர்ந்ததென்ன? 1991இல் வெளிவந்த அம்முறை, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டையே தமிழுக்கும் அடியாகக் கொண்டது. அகரமேறிய ‘க’வுக்கு ஓரிடம், ‘க்’ என்னும் தனிமெய்க்கோ புள்ளியையும் சேர்த்து ஈரிடம்! மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய்யாகும் என்னும் நம் நெறி அங்குத் தலைகீழாயிற்று. ஒருமுறை ஒதுக்கிய இடம் பின்னர் மாற்றப்படாது என்பது ஒருங்குறியின் உறுதி. 2010இல் தமிழக அரசு அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றபோதிலும், உலகக் கருவிகளில் நிலைத்தது முந்தியதே.

அதற்காக ஒருங்குறியை வெறுத்தொதுக்குதல் அறிவுடைமையன்று. இன்று எந்நாட்டுக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிவது அப்பொதுமையால்தான். குறையுடைய பொதுமுறை ஒன்று, குறையற்ற தனிமுறை நூறினும் மேலானது. ஆனால், முறை வகுக்கும் அவையில் முன்னரே இருந்தவனே குறையைத் தடுக்க வல்லவன். முடிந்தபின் முழங்குவதால் பயனில்லை.

ஆகவே, பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கும் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றுவோம். பள்ளிதோறும் தமிழ் 99 பயிற்றுவோம். இனி வகுக்கப்படும் செந்தரம் ஒவ்வொன்றிலும் இலக்கணம் வல்லாரும் கணினி வல்லாரும் ஒருங்கே சென்றமரச் செய்வோம். கறையான் தின்ற ஏடுகளுக்காக அழுதது போதும். கணினி தின்னவிருக்கும் ஏடுகளையேனும் காப்போம்!