திருப்பதிக்குத் திரும்பும்போது ஸ்கூல் டிஸ்ட்ரிக்டையும் மூட்டை கட்டாதீர்கள்

ஃப்ரீமான்டில் நம்மவர்கள் நாலு குடும்பம் கூடினால் பேச்சு இரண்டே விஷயத்தில்தான் போய் நிற்கும். ஒன்று விசா. இன்னொன்று, எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் வீடு. பத்துப் பதினைந்து வருஷம் இப்படியே ஓட்டிவிட்டு, அப்பாவுக்கு முடியவில்லை, அம்மா தனியாக இருக்கிறாள் என்று திருப்பதிக்குத் திரும்ப முடிவெடுப்பவர்களும் முதலில் கேட்பது அதே கேள்விதான். "அண்ணா, நல்ல ஸ்கூல் எல்லாம் எந்தப் பக்கம்? கே.டி. ரோடா, பாலாஜி காலனியா? அங்கேயே ஒரு பிளாட் பாத்துடலாம்னு இருக்கோம்."

இங்கே வீட்டை விற்ற காசு கையில் இருக்கும். ஊரில் இருக்கும் மச்சான் ஒரு புரோக்கரைப் பிடித்துக் கொடுப்பார். மத்த இடத்தைவிட நல்ல விலை அதிகம் கொடுத்து வாங்கியும் விடுவார்கள். கேட்டால் "பசங்க படிப்புக்காக" என்பார்கள். என்னைக் கேட்டால் இது வேண்டாத செலவு. அமெரிக்காவில் கற்ற ஒரு பழக்கத்தை அது செல்லாத ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

இங்கே வீட்டுக்கு ஏன் அந்த விலை? ஒரு கோடு. அட்டெண்டன்ஸ் பவுண்டரி என்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் இருந்தால் வேறு பள்ளி. பள்ளி இலவசம், ஆனால் அதற்கான டிக்கெட்டை வீட்டு விலையில் சேர்த்து விற்கிறார்கள். அந்தக் கோடும் நிலையில்லை. 2000இல் ஃப்ரீமான்ட் பள்ளி வாரியம் கோட்டை மாற்றி வரைந்தது. வைபெல் தொடக்கப்பள்ளிப் பகுதி மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளியிலிருந்து இர்விங்டனுக்குப் போயிற்று. கோர்ட், வழக்கு, தனி டிஸ்ட்ரிக்டாகப் பிரிந்து போகிறோம் என்று மனு, எல்லாம் நடந்தது. வீட்டுக்காரர்களில் நம் ஆசியக் குடும்பங்கள் நிறைய. இத்தனைக்கும் இரண்டு பள்ளியும் ஒரே டிஸ்ட்ரிக்ட். ஆசிரியர்களுக்கு ஒரே சம்பள விகிதம்.

சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999இல் பாஸ்டன் புறநகர்களில் இந்தக் கோடுகளுக்கு இருபுறமும் உள்ள வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது சுமார் 2.5 சதவீதம் என்று வந்தது. எதிரெதிர் தெருக்களை வைத்துப் பார்த்தால் அவ்வளவுதான். நாம் கொடுக்கும் மிச்சப் பணமெல்லாம் அக்கம்பக்கத்துக்கும் அந்தஸ்துக்கும். கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பெயரைச் சரியாகச் சொல்லிக் கொடுப்போமே!

திருப்பதிக்கு வருவோம். அங்கே இந்தக் கோடே கிடையாது. தனியார் பள்ளியில் சேர்க்க உங்கள் வீடு எந்தத் தெருவில் என்று யாரும் எல்லை பார்ப்பதில்லை. (கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடங்களுக்குத் தூரம் பார்ப்பார்கள். அது ஏழைப் பிள்ளைகளுக்கானது, டாலரோடு வருபவர்களுக்கு அல்ல.) கேந்திரிய வித்யாலயாவில் பார்ப்பது அப்பா அம்மாவின் மத்திய அரசு வேலையை. ரேணிகுண்டாவிலிருந்தும் சந்திரகிரியிலிருந்தும் திருச்சானூரிலிருந்தும் காலையில் வேன் வேனாகப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். கே.டி. ரோட்டுப் பிள்ளைக்கும் ரேணிகுண்டாப் பிள்ளைக்கும் ஒரே பெஞ்ச்.

அப்படியானால் கே.டி. ரோட்டில் ஏன் விலை? வடக்கே சேஷாசலம் மலை, ஊர் அந்தப் பக்கம் நகர முடியாது. பெரிய பெரிய நிலங்கள் தேவஸ்தானத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் இருக்கின்றன. மிச்ச இடத்தில் யாத்ரீகர் கூட்டம், லாட்ஜ், ஆஸ்பத்திரி, கல்லூரி. நெருக்கடியில் விலை ஏறுகிறது. பள்ளிக்காக ஏறிய விலை இல்லை அது. ஏழுமலையானுக்காக ஏறிய விலையை நாம் எல்.கே.ஜி. கணக்கில் எழுதுகிறோம்!

படிப்புக்காக இடம் மாறுவது நம் பக்கத்துக்குப் புதிதா என்ன? 1888இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் (நம் குடியரசுத் தலைவர்தான்) 1896இல் திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். பிறகு வேலூர், பிறகு சென்னை கிறித்துவக் கல்லூரி. பள்ளி இருந்த ஊருக்குப் பிள்ளை போயிற்று.

இன்றைக்கும் நகரி, புத்தூர்ப் பக்கத்து நெசவுக் குடும்பங்கள் செய்வது அதைத்தான். பவர்லூம் ஊரிலேயே ஓடும், அப்பா அங்கேயே இருப்பார். அம்மா பிள்ளைகளோடு பைராகிப்பட்டடாவிலோ கொர்லகுண்டாவிலோ இரண்டு ரூம் வாடகைக்கு எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அப்பா அரிசி மூட்டையோடு வருவார். பெரியவன் இண்டர் முடித்ததும் வீட்டைக் காலி செய்து அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முப்பது வருஷக் கடன் இல்லை, கிரஹப்பிரவேசம் இல்லை. பள்ளி தேவைப்படுவது பன்னிரண்டு வருஷம், அதற்குப் பன்னிரண்டு வருஷ வாடகை போதும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எம்.பி.ஏ. படித்த நமக்குத்தான் எக்செல் ஷீட் போட்டாலும் தெரிவதில்லை. அந்த அம்மாக்கள் தனியாகப் படும் பாடு வேறு கதை. அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

தெருவைப் பற்றி இவ்வளவு கவலைப்படுபவர்கள் கவலைப்பட வேண்டிய ஒன்றைக் கவனிப்பதே இல்லை. அது எந்த வகுப்பில் திரும்புவது என்பது. ஆந்திராவில் 1974இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலான மாநில இடங்களில் 85 சதவீதம் அந்தந்தப் பல்கலைக்கழக வட்டாரத்து 'லோக்கல்' மாணவர்களுக்கு. பழைய சித்தூர், கடப்பா, அனந்தபூர், கர்நூல், நெல்லூர் மாவட்டங்கள் சேர்ந்தது ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழக வட்டாரம். லோக்கல் என்பதற்கு அடிப்படை விதி, தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு சேர்த்துத் தொடர்ச்சியாக நான்கு ஆண்டு அந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும். கிளை விதிகளும் உண்டு, ஆனால் நேர்க்கணக்கு இதுதான்: ஒன்பது, பத்து, இண்டர் இரண்டு வருஷம். தாத்தா மலையடிவாரத்தில் பிறந்தவர், உங்கள் பெயரில் நாலு பிளாட் இருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. பிள்ளை உட்கார்ந்த பெஞ்ச் எங்கே என்பதுதான் கேள்வி. ஒன்பதாம் வகுப்புக்கு வந்து ரேணிகுண்டாவில் வாடகைக்கு இருப்பவன் லோக்கல். பத்தாம் வகுப்பு முடித்து வந்து கே.டி. ரோட்டில் சொந்த வீட்டில் இருப்பவன் திண்டாட வேண்டும்.

இதற்கு மேலே இன்னொன்று. இங்கே பிறந்த பிள்ளைக்கு நீல பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ அட்டை. 2021 மார்ச் 4ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகள் வழியாக ஓசிஐ பிள்ளைகள் சேர்வது என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே என்றது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதிக்கு முன்பே ஓசிஐ வாங்கியவர்களை இது கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே வீட்டுப் பத்திரத்தைப் பார்க்கும் முன் பிள்ளையின் ஓசிஐ அட்டையில் என்ன தேதி என்று பாருங்கள். கடைசிப் பிள்ளைக்கு 2021க்குப் பிறகு வாங்கியிருந்தால் உங்கள் கல்லூரிச் செலவுத் திட்டமே வேறு. பிளாட்டில் போட்ட பணம் அப்போது கையில் இருக்காது.

சரி, நல்ல ஸ்கூல் என்றால் என்ன? ஊரில் இப்போது நல்ல ஸ்கூல் என்று சொன்னாலே கார்ப்பரேட் என்று அர்த்தமாகிவிட்டது. 1979இல் நெல்லூரில் தொடங்கிய நாராயணா, 1986இல் விஜயவாடாவில் தொடங்கிய ஸ்ரீ சைதன்யா, அவற்றைப் பார்த்து வந்த மற்றவை. ஐஐடி ரேங்க் அவர்கள் சரக்கு. விற்கிறார்கள், வாங்குகிறோம். திருப்பதியிலேயே 2015இல் ஐஐடியும் ஐசரும் வந்த பிறகு, ஐஐடி பக்கத்தில் வீடு எடுத்தால் பையன் உள்ளே போய்விடுவான் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஜோக் அடிக்கவில்லை.

பழைய சித்தூர் மாவட்டத்தில் வெளியூர்க்காரர்களும் பெயர் தெரிந்து வைத்திருக்கும் பள்ளி ஒன்று உண்டு. ரிஷி வேலி. திருப்பதியிலிருந்து பாகராபேட்டை மலைப்பாதை ஏறி மதனப்பள்ளி போய், அங்கிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். மழை பொய்க்கும் ராயலசீமை நிலம். மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி 1926இல் அந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தபோது அங்கே பிளாட் விலை என்று ஒன்றும் இருந்திருக்காது! உறைவிடப் பள்ளி, பணக்காரப் பிள்ளைகள் படிப்பது என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, சுற்றியிருக்கும் கிராமங்களில் அவர்கள் நடத்திய இலவசத் துணைப்பள்ளிகள். ஒரே கொட்டகையில் பல வகுப்புப் பிள்ளைகள், ஆளுக்கொரு பாட அட்டை, அவரவர் வேகத்தில் படிப்பு. அந்த முறையைப் பார்த்துத்தான் விஜயகுமார் ஐ.ஏ.எஸ். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போயிற்று. இப்போது அந்த இடத்தில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் இருக்கிறது. வறண்ட காட்டு நடுவே ஆட்டுக்காரர் பிள்ளைகளுக்காகச் செய்த அட்டைகள் ஒரு மாநிலத்துக்கே பாடம் நடத்தின. பாடம் நடத்தும் திறமைக்கும் சதுர அடி விலைக்கும் முடிச்சுப் போடுபவர்கள் ஒருமுறை அந்தப் பக்கம் போய்வரலாம்.

கடைசியாக, எனக்கு வலிக்கிற விஷயம். தமிழ்.

நம் பக்கத்துக்குக் கோடு போட்டது ஃப்ரீமான்டுக்கு ரொம்ப முந்தியே. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி, படாஸ்கர் முடிவுப்படி, திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. செங்கல்பட்டிலிருந்து சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. ம.பொ.சி. திருப்பதியே வேண்டும் என்று போராடி, கிடைத்தது திருத்தணி. அன்றிலிருந்து ஒரே கோத்திரத்து அண்ணன் பிள்ளைகள் அ எழுதினார்கள், தம்பி பிள்ளைகள் తెலுங்கு அகரம் எழுதினார்கள். எல்லையோர மண்டலங்களில் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன, பத்தாம் வகுப்பைத் தமிழில் எழுதவும் முடியும். ஆனால் 'நல்ல ஸ்கூல்' தேடித் திருப்பதிக்கு வந்த குடும்பத்துக்கு அது முடிந்த கதை. பெரிய பள்ளிகளில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். இண்டர் போனால் மார்க்குக்காக சமஸ்கிருதம். வீட்டில் தமிழ் பேசி, தெலுங்கில் மட்டும் எழுதத் தெரிந்த தலைமுறை திருப்பதியில் ஏற்கெனவே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டது. எங்கள் வீட்டில் தமிழ் எழுத்தைச் சொல்லித் தந்தது பள்ளி இல்லை, ரேணிகுண்டா ஸ்டேஷன் கடையில் வாரா வாரம் வாங்கிய குமுதமும் விகடனும்தான்.

இங்கே வளைகுடாப் பகுதியில் 1998இல் கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் தொடங்கியதிலிருந்து எத்தனை அப்பா அம்மாக்கள் வார இறுதித் தூக்கத்தை விட்டுப் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் அப்படிக் கற்ற எழுத்தை, சென்னையிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் போய்த் தொலைப்பது என்ன நியாயம்? திரும்பிப் போகிறவர்களிடம் பிளாட் எத்தனை பெட்ரூம் என்று நாம் கேட்கிறோம். பிள்ளைக்கு யார் தமிழ் சொல்லித் தருவார் என்று யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் அரை மணி நேரம் தாத்தாவோடு உட்கார்ந்தால் போதும், ஆனால் அதற்குப் பிள்ளை ஆறு மணிக்காவது வீட்டில் இருக்க வேண்டும். கார்ப்பரேட் பள்ளியின் ஸ்டடி ஹவர்ஸ் முடிந்து வரும் பிள்ளைக்குச் சோறு இறங்குவதே பெரிது. பள்ளியைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி ரேங்க் இல்லை, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்பதுதான்.

ஆக, போகிறவர்கள் முதல் இரண்டு வருஷம் வாடகைக்கே போங்கள். பெற்றவர்கள் இருக்கும் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள், பள்ளி வேன் வரட்டும். பள்ளி ஜூனில் திறக்கும், அட்மிஷன் பேச்சை சங்கராந்தி முடிந்ததுமே ஆரம்பித்துவிடுங்கள். வீடு பார்க்க மட்டும் பிரம்மோற்சவ சமயத்தில் போகாதீர்கள். ஊரில் லாட்ஜே கிடைக்காது, புரோக்கர் சொல்வதுதான் வாடகை.