மீனுக்குத் தராசு, மழலைக்குக் கண்மதிப்பா?

சாட்டிக் கரையில் வள்ளம் ஒதுங்கியதும், மீனைத் தராசில் இடாமல் விலை பேசுவார் உளரோ? தீவகத்து வெங்காயத்தைக் கண்ணால் மதித்துக் காசு நீட்டினால் கமக்காரன் வாளாவிருப்பானோ? நூறு கிராம் குறைந்தாலும் வழக்காடும் நாம், காய்ச்சலில் துவளும் பிள்ளைக்கு மட்டும், "மூன்று வயதா? இரண்டு கரண்டி கொடு" என்னும் வாய்ச்சொல்லைப் பெற்றுக்கொண்டு பேசாமல் வீடு திரும்புகிறோம். மீனுக்குள்ள மதிப்பு மழலைக்கு இல்லையா?

அன்ரிபயோட்டிக் என மக்கள் அழைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பற்றியே பேசுகிறோம். பிள்ளை, வளர்ந்தவனின் சிறிய உருவம் அன்று. அதன் உடலில் மருந்து பரவும் அளவும், ஈரலும் சிறுநீரகமும் அதனை வெளியேற்றும் ஆற்றலும் வேறு. ஆதலின் பிள்ளையின் நிறையை முதலாகக் கொண்டே அளவு கணிக்கப்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். இரண்டு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைக்கு நிமோனியா கண்டால், அமொக்சிசிலின் மருந்தை, ஒவ்வொரு கிலோகிராம் நிறைக்கும் வேளைக்குக் குறைந்தது 40 மில்லிகிராம் வீதம், நாளுக்கு இருவேளை கொடுக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர். ஒருவன் 10 கிலோ, மற்றவள் 15 கிலோ. அவனுக்கு வேளைக்கு 400 மில்லிகிராம், அவளுக்கு 600. வயது ஒன்றே; மருந்தோ ஒன்றரை மடங்கு!

இன்னொன்றும் உண்டு. 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் அடங்கிய பாணி மருந்தும் உண்டு. 125 மில்லிகிராமே அடங்கியதும் உண்டு. முன்னையதில் அவனுக்கு 8 மில்லிலீற்றர், பின்னையதில் 16. போத்தல் மாறியும் சொல் மாறாவிடின், பாதி மருந்தே பிள்ளையின் வயிற்றிற் சேரும். தூளில் நீர் கலக்கும்போது கோடு தாண்டினாலோ அதுவும் நீர்த்துப்போகும். நன்னீர்க் கிணறுகளால் பேர்பெற்ற சாட்டியாயினும், உவர்நீரோடு போராடும் ஏனைய ஊராயினும், கொதித்தாறிய நீரைக் கோடுவரை மட்டுமே விடவேண்டும்.

குறைந்தால் என்ன கேடு என்பீர்களோ? பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது. அதனைப் பழக்கி வலுப்படுத்தும் என எச்சரித்தார். மிஞ்சினாலோ, ஜென்டமைசின் போன்ற மருந்து சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் கெடுக்கவல்லது. குறைவும் கேடு, மிகையும் கேடு. இடையிலுள்ள நேர்வழியைக் காட்டுவது தராசு ஒன்றே.

"கூட்டம் நெருக்குகிறது, நிறுக்க நேரமில்லை" என்பார் சிலர். ஒரு பிள்ளையை நிறுக்க ஒரு நிமிடம் போதும். தவறிய அளவினால் நோய் முற்றிய பிள்ளையை நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடல்கடந்து மீண்டும் கொண்டுவர எத்தனை மணி நேரம்? "வயதுப் பட்டியல் இருக்கிறதே" என்பார் வேறு சிலர். நிறை அறிய வழியில்லாத வேளைக்கு அது ஊன்றுகோல். கால் இருக்கும்போது ஊன்றுகோலை நம்புவானேன்? "தீவார்க்குக் கணக்கு விளங்காது" என்பாருக்கு ஒன்று சொல்வோம்: தோட்டத்துக்கு மருந்தடிப்பவன், தாங்கிக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்டறிந்த பின்பே மூடியைத் திறக்கிறான். பயிருக்குக் கணக்கறிந்தவனுக்குப் பிள்ளையின் கணக்கு விளங்காதா?

நாம் வேண்டுவது பிச்சையன்று, கடமை. பிள்ளைக்கு மருந்து எழுதப்படும் இடமெல்லாம் தராசு வேண்டும். நிறை துண்டில் எழுதப்படல் வேண்டும். சமையற் கரண்டிகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவன. ஆதலின் போத்தலுடன் மில்லிலீற்றர் கோடிட்ட அளவுக்குழாய் கொடுக்கப்படல் வேண்டும். எத்தனை மில்லிலீற்றர், எத்தனை வேளை, எத்தனை நாள் என்பன தமிழில் எழுதப்படல் வேண்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. ஏட்டில் ஏறிய தமிழ் மருந்துப் போத்தலில் ஏறாவிடின், தாய்க்கு அதனாற் பயன் என்ன?

நமக்கும் கடமை உண்டு. மருத்துவமாது நிறை குறித்துத் தந்த வளர்ச்சிப் பதிவேட்டைப் பெட்டியிற் பூட்டிவைக்காதீர். மருத்துவரிடம் எடுத்துச் செல்வீர். மருத்துவர் எழுதாத மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர். வைரசினால் வரும் சளிக்கு அது பயன்படாது. மூத்த பிள்ளைக்கு வாங்கியதன் மிச்சத்தை இளையதற்கு ஊட்டாதீர். மேலே காட்டிய கணக்கும் நிமோனியாவுக்கே உரியது; நோய்தோறும் அளவு மாறும். கணக்கை நீரே போடவேண்டா. போடப்பட்டதா என்று கேளுங்கள்.

கற்றவரே, கமக்காரரே! அடுத்தமுறை பிள்ளையோடு செல்லும்போது அஞ்சாது வினவுங்கள்: "ஐயா, என் பிள்ளையை நிறுத்தீர்களா?" அவ்வொரு வினா ஆயிரம் வாயில் எழுமாயின், தராசு தானே வரும்!