அம்பேத்கரிடம் கட்டுரை எழுதக் கற்போம்

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தபோது அம்பேத்கருக்கு வயது 25. சாதிக்கு செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் நால்வரும் தந்த விளக்கங்களை முதலில் அவரவர் பெயரோடு எடுத்துவைக்கிறார். எது போதாது என்று காட்டுகிறார், ஏற்றுக்கொண்டதையும் மறைக்கவில்லை. அதன் பிறகே, அகமணம்தான் சாதியின் சாரம் என்ற தன் முடிவைச் சொல்கிறார்.

ஆய்வுக் கட்டுரையின் அடிப்படை இவ்வளவுதான். பல கல்லூரிகளில் இதைச் சொல்லித் தருவதில்லை. வீட்டிலும் கேட்க ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர், ஜெராக்ஸ் கடையில் பழைய பிராஜெக்டை வாங்கிப் பெயரை மாற்றுகிறார். எல்லாரும் செய்வதுதான், 'கோட்டாவில் வந்தவன்' என்ற ஏச்சு மட்டும் நம் பிள்ளைக்கு.

முதலாம் ஆண்டிலேயே இக்கட்டுரையை வகுப்பில் பத்தி பத்தியாகப் படிக்கவைக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. மாணவர்களே, நூலகத்தில் கேளுங்கள்.