மலச்சிக்கலுக்குப் பேதி மருந்து மட்டும் போதுமா?

ஆமணக்கு நம் சேலம், நாமக்கல் சமவெளிக்குப் புதிய பயிரன்று. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையமே உள்ளது. வயிறு கட்டினால் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் என்பதும் பழைய வழக்கமே. என்றோ ஒரு நாள் அது உதவலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கலுக்கு அதுவே பரிகாரம் என்பதை நாம் ஒப்புவதற்கில்லை.

நாள்தோறும் மலம் கழியாமை மட்டுமே நோயாகாது. வாரத்திற்கு 3 தடவைக்குக் குறைவாகக் கழிதல், மலம் இறுகுதல், முக்க வேண்டியிருத்தல், முழுவதும் கழியாத உணர்ச்சி ஆகியன 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால், அது நாட்பட்ட மலச்சிக்கல் எனப்படும்.

காரணங்களை நம்மிடையே தேடுவோம். கம்பும் கேழ்வரகும் சாமையும் இருந்த உண்கலத்தில் தீட்டிய அரிசி நிறைந்துவிட்டது. குழித்தறியில் அமர்ந்தவர், கையிலுள்ள நெசவு முடியட்டும் என்று உந்துதலை அடக்குகிறார். களையெடுக்கும் பெண்களோ ஒதுங்க மறைவிடமின்றித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கின்றனர். தங்கிய மலத்தின் நீரைப் பெருங்குடல் உறிஞ்சுவதால் அது மேலும் இறுகுகிறது. நாளடைவில் உந்துதலும் மங்குகிறது.

நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை, சிலவகை வலி மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். ஆதலால் உண்ணும் மருந்துகள் யாவற்றையும் மருத்துவரிடம் மறையாது கூறுக. மலத்தில் இரத்தம், உடல் மெலிவு, இரத்தசோகை, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றிய மாறுதல் இவற்றுள் ஒன்றிருப்பினும் தாமதியாது பரிசோதித்துக் கொள்ள வேண்டும். மூலம் என்றெண்ணி விட்டது குடற்புற்றாகவும் இருக்கலாம். வயிறு உப்பி, வாந்தி கண்டு, காற்றும் பிரியாதிருப்பின் பேதி மருந்து ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்க.

இக்குறிகள் இல்லாதோர் சிறுதானியம், கீரை, அவரை, கொய்யா முதலியவற்றைப் படிப்படியாகக் கூட்டுக. தண்ணீர் போதிய அளவு பருகுக. காலை உணவுக்குப் பின் குடல் இயல்பாகவே அசையும். அவ்வேளையில் அவசரமின்றி அமர்க. போதாதெனில் இசப்கோல் உமியை நிறைய நீருடன் உட்கொள்ளலாம். அதற்கும் இணங்காவிடில், மலத்தில் நீரைத் தங்கவைக்கும் லாக்டுலோஸ் போன்ற மருந்தை மருத்துவர் தருவார்.

இவையனைத்தும் தனி மனிதர் செய்யக் கூடியவை. உந்துதல் வந்தபோது எழுந்து செல்ல ஓர் இடம் வேண்டுமன்றோ? அது கூட்டு முயற்சியால் ஆவது. தறிக்கூடந்தோறும் குடிநீரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமும் அமைக்க அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் தீர்மானம் கொணர வேண்டும். நூலுக்கும் சாயத்துக்கும் செலவிடும் சங்கம், நெய்பவரின் உடலுக்கும் செலவிடுவதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம்.