பினாயில் வாசம் வந்தால்தான் வீடு சுத்தமா?

மாதச் சாமான் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய்க்குக் கீழே தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, கேஸ் அடுப்புக்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று, பாத்ரூமுக்கு இரண்டு என்று வரிசையாக பாட்டில்கள் இருக்கும். இவற்றுக்கு ஆகும் செலவு மாதம்தோறும் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால், பணத்தைவிடப் பெரிய ஒரு கணக்கும் இதில் உண்டு. அது மூச்சுக்கணக்கு.

நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் 6,235 பேரின் நுரையீரல் திறனை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. வயது ஏற ஏற எல்லோருக்கும் நுரையீரலின் திறன் கொஞ்சம் குறையும். வீட்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பில் இருந்த பெண்களுக்கும், துப்புரவையே தொழிலாகக் கொண்ட பெண்களுக்கும் அது மற்ற பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வில் துப்புரவு வேலை செய்த ஆண்களின் எண்ணிக்கையும் குறைவுதான். காரணம் இந்தப் பாட்டில்கள் மட்டுமே என்று அந்த ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் ஆய்வாளர்கள் சொன்ன யோசனை எளிமையானது: பெரும்பாலான வேலைகளுக்கு மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீருமே போதும்.

துணி எப்படி அழுக்கை எடுக்கிறது?

தூசியும் பிசுக்கும் தரையோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. அவற்றைக் கரைக்க வேண்டும், அல்லது பிடித்து இழுக்க வேண்டும். பாட்டில் திரவம் கரைக்கும் வேலையைச் செய்கிறது. நல்ல துணி இழுக்கும் வேலையைச் செய்கிறது.

மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் நைலானும் சேர்ந்த மிக மெல்லிய இழை. 9,000 மீட்டர் நீளத்துக்கு நீட்டினாலும் அந்த இழை 1 கிராம் எடைகூட வராது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இழைகள் பிளந்திருப்பதால் இடையில் எண்ணற்ற சிறு இடுக்குகள் இருக்கும். தண்ணீரும் தூசியும் அந்த இடுக்குகளில் ஏறிக்கொள்கின்றன. அதனால்தான் சோப்பு இல்லாமலேயே கண்ணாடி பளிச்சென்று ஆகிறது.

பருத்தித் துணியும் குறைந்ததல்ல. ஈரத்தை நன்றாக உறிஞ்சும், கொதிக்க வைத்தாலும் தாங்கும், கடைசியில் மண்ணோடு மக்கும். மைக்ரோஃபைபர் பிளாஸ்டிக் வகை என்பதால் ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத இழைத் துணுக்குகளைத் தண்ணீரில் விடுகிறது. அதனால் கண்ணாடி, டிவி, ஸ்விட்ச் போர்டு, ஃபேன் இறக்கை போன்றவற்றுக்கு இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணி போதும். மற்ற வேலைக்கெல்லாம் பருத்தியே நல்லது.

அதைக் கடையில் தேட வேண்டியதில்லை. அப்பாவின் பழைய வேட்டி, ஈரிழைத் துண்டு, குழந்தையின் பனியன், நைந்த காட்டன் சேலை எல்லாமே உதவும். பலமுறை துவைத்துக் கஞ்சி போன பழைய துணி, புதுத் துணியைவிட நன்றாக உறிஞ்சும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே இழுத்துக்கொண்டால் அது துடைக்க ஏற்ற துணி. முத்தாக உருண்டு நின்றால் அது சின்தடிக். தண்ணீரை இழுப்பிவிடுமே தவிரத் துடைக்காது.

மடிப்பில் இருக்கிறது சூட்சுமம்

ஓர் அடிக்கு ஓர் அடி என்ற அளவில் ஒரு டஜன் துண்டுகளாக வெட்டி, நூல் பிரியாமல் ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். அதை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் உள்ளங்கையளவு வரும். ஒரு பக்கம் அழுக்கானதும் திருப்பி, பிரித்து, மாற்றி மடித்தால் ஒரே துணியில் 8 சுத்தமான பக்கங்கள் கிடைக்கும். கசக்கிச் சுருட்டிப் பிடித்துத் துடைக்கும்போது ஒரே அழுக்கைத்தான் வீடு முழுக்கப் பூசுகிறோம்.

துணி சொட்டச் சொட்ட இருக்க வேண்டாம். நனைத்து இறுகப் பிழிந்தால் போதும். மேலிருந்து கீழே, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு என்ற வரிசையில் துடையுங்கள். கண்ணாடிக்கு ஈரத் துணி முதலில், உலர்ந்த வேட்டித் துணி அடுத்து.

கேஸ் அடுப்பைச் சுற்றிய எண்ணெய்ப் பிசுக்குக்கு அவசரம் கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பிசுக்கு இளகிய பிறகு, அதே துணியில் சிட்டிகை சமையல் சோடாவைத் தூவித் தேய்த்தால் வந்துவிடும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயில் படியும் வெள்ளைக் கறைக்கு, எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வைத்துக் கழுவலாம். பளிங்கு, மொசைக் தரையில் மட்டும் எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் படக் கூடாது. புளிப்பு அந்தக் கல்லை அரித்துப் பளபளப்பைப் போக்கிவிடும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான்.

துணியே நோய் பரப்பலாம்

இங்கேதான் கவனம் வேண்டும். மொரீஷியஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மாதம் பயன்படுத்திய 100 சமையலறைத் துண்டுகளைச் சோதித்தார்கள். 49 துண்டுகளில் பாக்டீரியா வளர்ந்திருந்தது. பாத்திரம் துடைக்க, கை துடைக்க, மேடை துடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே துண்டைப் பயன்படுத்திய வீடுகளிலும், ஈரமாகவே கிடந்த துண்டுகளிலும் கிருமி அதிகம். இந்த முடிவு 2018-ல் வெளியானது. நம் சமையலறைகளில் சிங்க் ஓரமாகச் சுருண்டு கிடக்கும் கரித்துணியை நினைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

வழி எளிது. சமையல் மேடைக்கு ஒரு நிறம், சாப்பாட்டு மேஜைக்கு ஒரு நிறம், பாத்ரூமுக்கு ஒரு நிறம் என்று ஓரத்தில் வண்ண நூலால் தைத்து வையுங்கள். ஒன்று மற்றொன்றின் இடத்துக்குப் போகக் கூடாது. சமையலறைத் துணியைத் தினமும் மாற்றுங்கள். பருத்தித் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் கொடியில் விரித்து உலர்த்துங்கள். மைக்ரோஃபைபரைத் தனியாகத் துவைக்க வேண்டும். பருத்தியோடு போட்டால் அதன் பஞ்சு இதில் ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டாம், அது இழைகளின் இடுக்கை அடைத்துவிடும். அயர்ன் பாக்ஸும் கூடாது.

பாட்டில் தேவைப்படும் நேரம்

துணியும் தண்ணீரும் கிருமியைத் துடைத்து எடுக்கும், கொல்லாது. பச்சை இறைச்சி, மீன் நறுக்கிய இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவியே ஆக வேண்டும். வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் அந்த இடத்துக்கும் கழிவறைக்கும் கிருமிநாசினி அவசியம். அப்போதும் இரண்டைக் கலக்காதீர்கள். ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட் வகை கழிவறை க்ளீனரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ஜன்னலைத் திறந்து வைத்து, ஒன்றை மட்டும், பாட்டிலில் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள்.

துணியைப் பற்றி முடிவெடுக்கும்போது இன்னொருவரையும் மறக்க வேண்டாம். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா, இங்கே முடித்துவிட்டு இன்னும் மூன்று நான்கு வீடுகளுக்குப் போகிறார். நாம் வாரம் ஒருமுறை முகரும் நெடியை அவர் தினமும், பல வீடுகளில், குனிந்த நிலையில் முகர்கிறார். இருமல் வந்தால் சம்பளத்தோடு கூடிய விடுப்பு அவருக்குக் கிடைப்பது அபூர்வம். கூட்டும்போதும் துடைக்கும்போதும் ஜன்னலைத் திறந்து விடுங்கள். ஒரு ஜோடி கையுறை வாங்கி வையுங்கள். 'பினாயில் கொஞ்சம் கூட ஊத்துக்கோ' என்று சொல்வதற்குப் பதிலாக, நன்கு காய்ந்த, மடித்த நான்கு துணிகளை அவர் கையில் கொடுங்கள்.

சுத்தமான வீட்டுக்கென்று தனி வாசனை கிடையாது. துடைத்து முடித்ததும் எந்த வாசமும் வரவில்லையா? வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.