பைதனைக் கொப்பியில் மட்டும் படித்தால் போதுமா?



உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற நாங்கள் ஒரு விசயத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வன்னியில் எங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் பைதன் நிரலைக் கொப்பியில் பிழையில்லாமல் எழுதுவார்கள். ஆனால் அதைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்ததில்லை. போன தவணை ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இது உண்மையாவே வேலை செய்யுமா?" செய்து காட்ட எங்களிடம் ஒரு கணினிகூடத் தயாராக இருக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை லேபைத் திறந்தோம். எல்லாம் பழைய விண்டோஸ் 7 கணினிகள். புதிய பைதன் அதில் ஏறாது. விண்டோஸ் 7க்குப் பொருந்தும் கடைசி வரிசை 3.8. அதில் 3.8.10இன் கோப்பு 30 எம்பிக்கும் குறைவு. போன் டேட்டாவில் ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் போட்டு, எல்லாக் கணினிக்கும் கொண்டுபோனோம். "இன்டர்நெட் இல்லை" என்ற எங்கள் பழைய சாட்டு அன்றோடு முடிந்தது.

நிறுவும்போது முதல் திரையின் அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பைதனைப் 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும். அதில் சரி போடாமல் விட்டால், பிறகு கறுப்புத் திரையில் பைதன் என்று தட்டும்போது, அப்படியொரு கட்டளையே தெரியாது என்று கணினி சொல்லிவிடும். நாங்களும் மூன்று கணினிகளில் அதைக் கவனிக்காமல் விட்டோம். திருத்தும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தோம். ஒரு கட்டளையைக் கணினி எந்தெந்தக் கோப்புறைகளில் தேடுகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். நாங்கள் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தால் இவ்வளவு விளங்கியிருக்காது.

"பிள்ளைகள் பழுதாக்கிப் போடுவார்கள்" என்று லேபைப் பூட்டி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைதன் பிழைத்தால் நீக்கிவிட்டுத் திரும்பப் போடலாம். பூட்டிய அறைக்குள் தூசி பிடித்துப் போகிற கணினியை யார் திருத்துவது? ஒன்று மட்டும் கவனம்: விண்டோஸ் 7க்கான பொதுப் பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அந்தக் கணினிகளை இணையத்தோடு இணைக்க வேண்டாம். நிரல் பழக இணையம் தேவையுமில்லை.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. வாசலிலேயே இவை இருந்தும், வீட்டில் லெப்டொப்பில் பழகிவரும் வெளியூர்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் பிள்ளை கறுப்புத் திரையைக் கண்டு கை நடுங்கி நிற்கலாமா?

ஆசிரிய நண்பர்களே, அடுத்த தவணைக்கு முன் ஒரேயொரு கணினியிலாவது பைதனைப் போடுங்கள். போடும்போது விசைப்பலகையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கோப்பு வேண்டுமென்றால் பென் டிரைவோடு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் நாங்கள் ஏற்றித் தருகிறோம்.